ராயல் ஏரோ கிளப்: பலூன் கூடையில் பிறந்த ஒரு கழகம்

ரைட் சகோதரர்களின் கதை நம்மில் பலர் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் படித்தது. 1903 டிசம்பரில் கிற்றி ஹோக் மணல்மேட்டில் அவர்கள் பறந்தார்கள். பிறகு உலகம் பறந்தது. பாடம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் இடையில் ஒரு பத்து வருடம் இருக்கிறது. விமானம் என்று ஒரு பொருள் உண்டு, அதை ஓட்ட யாருக்கு உரிமை என்று சொல்ல அரசிடம் சட்டம் இல்லை. எங்கே பறக்கலாம், விழுந்தால் யார் விசாரிப்பது, யார் பறந்தார் என்பதற்கு யார் சாட்சி என்ற கேள்விகளுக்கும் அரசிடம் பதில் இல்லை. பிரித்தானியாவில் இந்த வேலைகள் அனைத்தையும் அந்தப் பத்து வருடமும் செய்தது ஒரு தனியார் கழகம். பணக்காரர்கள் பொழுதுபோக்குக்காகத் தொடங்கியது. அதன் கதையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

1901 செப்டம்பர் 24ஆம் திகதி. இலண்டனின் மது வணிகர் பிராங்க் ஹெட்ஜஸ் பட்லர், அவருடைய மகள் வீரா, சார்ல்ஸ் ரோல்ஸ் என்னும் பிரபுவின் மகன் ஆகிய மூவரும் கிறிஸ்டல் பலஸ் மைதானத்திலிருந்து ஒரு பலூனில் ஏறினார்கள். பலூனின் பெயர் 'சிற்றி ஒஃப் யோர்க்'. ஓட்டியவர் ஸ்டான்லி ஸ்பென்சர். உண்மையில் அவர்கள் மோட்டார் வண்டியில் சுற்றுலா போவதாகத்தான் இருந்தது. வீராவின் கார் தீப்பிடித்துவிட்டதால், அதற்குப் பதிலாக வானத்துக்குப் போவோம் என்று முடிவாயிற்று. காரே புதுமையாக இருந்த காலத்தில் கார் இல்லாவிட்டால் பலூன் என்று யோசிக்கக் கூடியவர்கள் எப்படிப்பட்ட வசதி படைத்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் ஷாம்பெயின் திறந்தார்கள். பிரான்சில் 1898 முதல் ஓர் ஏரோ கிளப் இருக்கிறதே, நமக்கும் ஒன்று வேண்டாமா என்ற பேச்சு வந்தது. சிட்கப் என்ற இடத்தில் பலூன் இறங்குவதற்குள் பெரிய பிரித்தானிய ஏரோ கிளப் தோன்றிவிட்டது. அடுத்த மாதமே முறைப்படி பதிவும் செய்யப்பட்டது.

விமானவியலை ஆராய்வதற்கென்று ஏற்கெனவே 1866 முதல் ஒரு சங்கம் அங்கே இருந்தது. அது அறிஞர்களின் இடம். கட்டுரை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். புதிய கழகத்துக்கு அந்தக் கவலை இல்லை. பலூன் விடுவதை ஒரு விளையாட்டாக வளர்ப்பதே நோக்கம். ஆரம்ப காலத்தில் மோட்டார் கிளப் இருந்த பிக்கடிலிக் கட்டடத்திலேயே இதுவும் ஒதுங்கியிருந்தது. பலூனுக்கு வேண்டியது நிலக்கரி வாயு. ஆகவே தேம்ஸ் நதிக்கரையில் பட்டர்சீ வாயுத் தொழிற்சாலையை ஒட்டி ஒரு மைதானம் பிடித்தார்கள். வாரக்கடைசியில் கனவான்களும் சீமாட்டிகளும் வந்து, தெருவிளக்குக்குப் போகவேண்டிய வாயுவில் பலூனை நிரப்பிக்கொண்டு, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் ஊரில் இறங்கி, ரயிலில் வீடு திரும்புவார்கள்.

அந்தப் பட்டர்சீ ரயில்பாதை வளைவுகளின் கீழே யூஸ்ரஸ், ஒஸ்வால்ட் என்னும் இரு ஷோர்ட் சகோதரர்கள் பலூன் தைத்துக்கொண்டிருந்தார்கள். 1897இல் பழைய பலூன் ஒன்றை வாங்கித் தொழிலைப் பழகியவர்கள். கழகத்தின் அதிகாரபூர்வ பொறியியலாளர்கள் என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது. 1906இல் பாரிஸிலிருந்து நடந்த முதலாவது கோர்டன் பெனெற் பலூன் போட்டியில் ரோல்ஸ் ஓட்டிய 'பிரித்தானியா' அவர்கள் செய்தது. அவர் மூன்றாவதாக வந்தார். அதிக நேரம் வானில் நின்றதற்காகத் தங்கப்பதக்கமும் பெற்றார். இந்த சார்ல்ஸ் ரோல்ஸ்தான் ஹென்றி ரோய்ஸுடன் சேர்ந்து கார் செய்த ரோல்ஸ். நம் ஊர்களில் பெரிய மனிதரின் மறுபெயராகவே ஆகிவிட்ட 'ரோல்ஸ் ரோய்ஸ்' என்ற பெயரின் முற்பாதி.

1905 ஒக்டோபரில் பாரிஸில் சர்வதேச வான் விளையாட்டுச் சம்மேளனம் உருவானது. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின், சுவிற்சர்லாந்து, அமெரிக்கா, பிரித்தானியா என்ற எட்டு நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கழகமே பிரதிநிதி. இது அன்று சாதாரண நிர்வாக ஏற்பாடாகத் தோன்றியிருக்க வேண்டும். பின்னர் கழகத்தின் கைக்கு வந்துசேர்ந்த அதிகாரம் எல்லாம் இங்கிருந்துதான் கிளைத்தது.

ஷெப்பித் தீவு

1908இல் வில்பர் ரைட் பிரான்சுக்கு வந்து லே மான் அருகே பறந்து காட்டினார். அதுவரை ரைட் சகோதரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஐரோப்பாவில் எழுதியவர்கள் உண்டு. அவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி ஏரோ கிளப்பைச் சேர்ந்த நால்வரை வில்பர் ஒருவர்பின் ஒருவராக ஏற்றிச் சென்றார். முதலில் கிரிபித் புரூவர், பின்னர் ரோல்ஸ், பட்லர், பேடன்-பவல். பலூனில் மிதந்து பழகியவர்களுக்கு இது வேறு விஷயம் என்று அன்றே விளங்கிவிட்டது. நினைத்த திசையில் போகலாம். காற்றின் தயவு வேண்டாம்.

ஷோர்ட் சகோதரர்களுக்கும் விளங்கியது. நீராவிச் சுழலித் தொழிலில் இருந்த மூத்த சகோதரர் ஹொரஸை அழைத்துக்கொண்டார்கள். ரைட் விமானங்களை அனுமதி பெற்றுச் செய்துகொடுக்க அவர்களுக்கு ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆறு விமானங்கள். ஹொரஸ் நேரே பிரான்சிலுள்ள போ நகருக்குப் போய், அங்கே நின்ற விமானத்தை அளந்து, படம் வரைந்துகொண்டு வந்தார். ஒரே மாதிரியான விமானங்களைத் தொகையாகச் செய்வது உலகில் அதுவே முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

பறப்பதற்கு இடம் வேண்டுமே. தேம்ஸ் முகத்துவாரத்தில், கென்ட் கரையோரமாக ஷெப்பி என்றொரு தீவு. செம்மறி ஆடுகள் மேயும் சதுப்பு நிலம். குறுக்கும் நெடுக்கும் வடிகால் வாய்க்கால்கள். அதன் கிழக்குக் கோடியில் லேஸ்டவுனில் 1909இன் தொடக்கத்தில் கழகம் நிலம் எடுத்தது. அங்கிருந்த ஒரு பழைய பண்ணை மாளிகை கழகத்தின் வீடாயிற்று. பக்கத்தில் ஷோர்ட் சகோதரர்களின் தொழிற்சாலை. இலண்டனுக்கு ஓரளவு கிட்ட, அதேசமயம் வேடிக்கை பார்க்கும் கூட்டம் எளிதில் வரமுடியாத இடம். வாய்க்காலில் சக்கரம் மாட்டி உடைந்த விமானங்களும் உண்டு. ஆயினும் கடற்காற்று வீசும் அந்தத் தட்டை நிலம் வேலைக்கு உதவியது.

1909 மே 2ஆம் திகதி மூர்-பிரபசோன் என்ற இளைஞர், பிரான்சில் வாங்கிவந்த வொய்சின் விமானத்தில் அங்கே ஏறத்தாழ 500 யார் தூரம் பறந்தார். பிரித்தானிய மண்ணில் ஒரு பிரித்தானியர் பறந்த முதலாவது பறப்பு என்று கழகம் ஏற்றுக்கொண்டது இதைத்தான். இரண்டு நாள் கழித்து மே 4ஆம் திகதி ரைட் சகோதரர்களே லேஸ்டவுனுக்கு வந்தார்கள். அந்த வீட்டின் முன்னால் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. ரைட் சகோதரர்கள், மூன்று ஷோர்ட் சகோதரர்கள், ரோல்ஸ், பிரபசோன், மக்லீன், புரூவர், பட்லர் எல்லோரும் ஒரே படத்தில். குடும்பக் கலியாணப் படம் போல இருக்கும்.

'முதலாவது' என்ற பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் முதல் சிறுகதை எது என்று நாம் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிடுகிறோமே, அதற்குக் குறையாத சண்டை இது. சாமுவேல் கோடி என்ற மனிதர் 1908 ஒக்டோபர் 16ஆம் திகதியே பார்ன்பரோவில் 1,390 அடி பறந்துவிட்டார். ஆனால் அவர் அப்போது அமெரிக்கக் குடிமகன். பட்டம் விடுவதிலும் நாடகக் கொட்டகையிலும் பெயர் எடுத்தவர். ஏ. வி. ரோ என்பவர் அதே ஆண்டு யூன் மாதத்தில் புரூக்லண்ட்ஸில் தாம் நிலத்தைவிட்டு எழும்பியதாகச் சொன்னார். இந்த வழக்கைக் கழகம் இருபது ஆண்டு கழித்து, 1928-29இல், ஒரு குழு அமைத்து விசாரித்து, ரோவின் பறப்பு ஒரு பறப்பு என்று சொல்லத்தக்கதல்ல, பிரபசோனே முதல்வர் என்று தீர்த்தது. தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் தீர்ப்புச் சொன்னது வென்றவரின் சொந்தக் கழகம் என்பதையும் நாம் மறக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, பிரித்தானியாவில் செய்த விமானத்தில் ஒரு மைல் வட்டமாகப் பறந்ததற்கு, 'டெய்லி மெயில்' பத்திரிகை வைத்த 1,000 பவுண் பரிசையும் பிரபசோன் பெற்றார். விமானம் ஷோர்ட் சகோதரர்கள் செய்தது. நவம்பர் 4ஆம் திகதி அவர் ஒரு பன்றிக்குட்டியைக் காகிதக் கூடையில் வைத்து விமானத்தில் கட்டிக்கொண்டு பறந்தார். நடக்காத காரியத்துக்கு 'பன்றி பறக்கும்போது' என்பது ஆங்கிலேயர் வழக்கு. நாம் 'குதிரைக்குக் கொம்பு முளைத்தால்' என்கிற மாதிரி. பறந்த முதல் பன்றி நானே என்று கூடையில் ஓர் அறிவிப்பும் தொங்கியது. இதே 'டெய்லி மெயில்' 1906இல் இலண்டனிலிருந்து மான்செஸ்டருக்குப் பறப்பவருக்கு 10,000 பவுண் என்று அறிவித்தபோது, 'பஞ்ச்' நகைச்சுவை இதழ் செவ்வாய்க்கிரகத்துக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்புபவருக்கு அதே தொகை என்று பகிடி பண்ணியிருந்தது. 1910 ஏப்ரலில் போல்ஹான் என்ற பிரெஞ்சுக்காரர் அந்த 10,000 பவுணையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். 'பஞ்ச்' தன் பரிசைக் கொடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.

சான்றிதழ்

1909 முடிவில் லேஸ்டவுனைவிட நல்ல நிலம் அருகில் ஈஸ்ட்சேர்ச்சில் கிடைத்தது. கழக உறுப்பினர் பிராங்க் மக்லீன் தம் சொந்தப் பணத்தில் ஒரு பண்ணையை வாங்கிக் கழகத்துக்குக் கொடுத்தார். இந்த மக்லீன்தான் 1912 ஓகஸ்டில் ஒரு மிதவை விமானத்தை இலண்டன் டவர் பிரிட்ஜின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவால் ஓட்டிக்கொண்டு போனவர். ஷோர்ட் சகோதரர்களும் ஈஸ்ட்சேர்ச்சுக்குக் குடிபெயர்ந்தனர். 1910 பெப்ரவரி 15ஆம் திகதி மன்னர் 'ராயல்' என்ற அடைமொழியைக் கழகத்துக்கு அளித்தார்.

மார்ச் 8ஆம் திகதி முதலாவது விமானிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. எண் 1 மூர்-பிரபசோன், எண் 2 ரோல்ஸ். எண் 9 அந்தக் கோடிக்கு. அதற்குள் அவர் பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்தார். 1911 ஓகஸ்டில் எண் 122 ஹில்டா ஹியூலெற்றுக்குக் கிடைத்தது. பிரித்தானியாவில் சான்றிதழ் பெற்ற முதல் பெண் விமானி அவர். தேர்வு சிக்கலானதல்ல. எட்டு என்ற எண் வடிவில் தொடர்ந்து சுற்றி, ஐந்து கிலோமீற்றர் தூரம் இருமுறை பறக்க வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு ஒருமுறை ஏற வேண்டும். ஆரம்பத்தில் அது 50 மீற்றர். இறங்கும்போது எஞ்சினை நிறுத்தி, முன்கூட்டிச் சொன்ன புள்ளிக்கு 50 மீற்றருக்குள் நிற்க வேண்டும். கழகத்தின் பார்வையாளர்கள் கீழே நின்று பார்த்துக் கையெழுத்திடுவார்கள். இன்று கார் ஓட்டும் தேர்வில் நம் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்கும்போது இது சுலபமாகத் தோன்றலாம். அன்றைய எஞ்சின்கள் நினைத்த நேரத்தில் நின்றுவிடும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்தச் சான்றிதழ் இல்லாமல் பறப்பது குற்றமல்ல. சட்டமே இல்லை. வான் போக்குவரத்துப் பற்றிய முதலாவது பிரித்தானியச் சட்டம் 1911இல்தான் வந்தது. அதுவும் மக்கள் கூடும் இடங்களுக்கு மேலே பறப்பதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் அளித்த ஒரு சின்னச் சட்டம். ஆனால் சான்றிதழ் இல்லாதவர் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. பரிசுப்பணம் போட்டியில்தான் இருந்தது. ஆகவே கழகத்தின் சொல்லுக்கு வலு இருந்தது. கிரஹாம் கில்மோர் என்ற துணிச்சல்காரர் 1911 யூலையில் ஹென்லி படகோட்டப் போட்டியில் கூடியிருந்த மக்களுக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்தார். கழகம் அவரை ஒரு மாதம் விலக்கிவைத்தது. அந்த மாதம்தான் பிரித்தானியாவைச் சுற்றிவரும் பெரும் போட்டி. அவர் நீதிமன்றம் போனார், தோற்றார். அடுத்த பெப்ரவரியில் ரிச்மண்டில் அவருடைய விமானம் விழுந்து இறந்தார்.

ரோல்ஸின் மரணமும் கோபேர்னின் வேலையும்

1910 யூன் 2ஆம் திகதி ரோல்ஸ் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரான்சில் இறங்காமலே திரும்பி வந்தார். 95 நிமிடம். நாடே கொண்டாடியது. நாற்பது நாளில், யூலை 12ஆம் திகதி, போர்ன்மத் விமானக் காட்சியில் குறித்த இடத்தில் இறங்கும் போட்டியின்போது அவருடைய ரைட் விமானத்தின் வால் முறிந்தது. அந்த வால் பகுதி அண்மையில் புதிதாகப் பொருத்தப்பட்டது. பெரிய உயரம் ஒன்றுமில்லை. இருந்தும் அவர் பிழைக்கவில்லை. வயது 32. எஞ்சின் விமான விபத்தில் இறந்த முதல் பிரித்தானியர் அவரே. அந்தச் செய்திக்குப் பின் மூர்-பிரபசோன் மனைவியின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பறப்பதை விட்டுவிட்டார். எண் 1 சான்றிதழ்காரரை மறுபடி வானில் ஏற்றியது முதலாம் உலகப்போர்தான். அதே ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி எண் 4 சான்றிதழ்காரரான செசில் கிரேஸ் கலேயிலிருந்து திரும்பும் வழியில் மூடுபனியில் கடல்மேல் காணாமல் போனார்.

இதற்குப் பின்னும் ஈஸ்ட்சேர்ச் ஓயவில்லை. அதே குளிர்காலத்தில் மக்லீன் தம் விமானங்களைக் கடற்படைக்கு இலவசமாகக் கொடுக்க முன்வந்தார். அதிகாரிகள் வந்து பழகட்டும் என்றார். இன்னோர் உறுப்பினர் ஜோர்ஜ் கோபேர்ன், சம்பளம் இல்லாமல் கற்பிக்கிறேன் என்றார். கோபேர்ன் ஒரு இரசாயன ஆய்வாளர். 1909 ஓகஸ்டில் பிரான்சின் ரைம்ஸ் நகரில் நடந்த பெரும் விமானக் காட்சியில் கலந்துகொண்ட ஒரே பிரித்தானியர். கடற்படையில் ஏறத்தாழ இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள். மணமாகாதவர்களாக இருக்க வேண்டும், கழகத்தின் சந்தாவையும் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. சாம்சன், லோங்மோர், கிரகரி, ஜெரார்ட் என்ற நால்வர் தேர்வானார்கள். 1911 மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் இறுதிக்குள் சாம்சனும் லோங்மோரும் சான்றிதழ் பெற்றுவிட்டார்கள். ஹொரஸ் ஷோர்ட் அவர்களுக்கு விமானத்தின் உள் விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். பிரித்தானியக் கடற்படையின் வான்பிரிவு என்று பின்னால் வளர்ந்ததன் வேர் இந்த நால்வரின் வகுப்புத்தான். 1912 ஜனவரியில் சாம்சன் ஒரு போர்க்கப்பலின் தளத்திலிருந்தே விமானத்தை எழுப்பிக் காட்டினார்.

1913இல் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சிலும் ஈஸ்ட்சேர்ச்சில் பறக்கப் பழகினார். அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவரான வைல்ட்மன்-லஷிங்டன், அவரோடு பறந்து சில நாட்களில், டிசம்பர் 2ஆம் திகதி, விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு மனைவியின் வற்புறுத்தலால் சர்ச்சில் பறப்பதை நிறுத்தினார். மனைவியர் சொல்லை இவர்கள் இன்னும் சற்று முன்னதாகக் கேட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

கழகம் செய்த காரியங்களில் எதை முக்கியமாகச் சொல்வாய் என்று என்னைக் கேட்டால், பரிசுகளையோ சாதனைகளையோ சொல்லமாட்டேன். 1912 மே 13ஆம் திகதி புரூக்லண்ட்ஸில் பிளாண்டர்ஸ் ஒற்றைத்தட்டு விமானம் ஒன்று விழுந்து, ஓட்டிய பிஷர் என்பவரும் கூடச்சென்ற அமெரிக்கப் பயணியும் இறந்தார்கள். அதுவரை விமானம் விழுந்தால் விதி என்பார்கள், காற்றுப்பொந்து என்பார்கள், பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதிவிட்டு மறந்துவிடும். கழகம் அந்த ஆண்டு விபத்து விசாரணைக்கு என்றே ஒரு குழுவை அமைத்திருந்தது. குழு சாட்சிகளைக் கேட்டது, உடைந்த பகுதிகளைப் பார்த்தது, விமானத்தில் முன்னரே கோளாறு இருந்ததா என்று ஆராய்ந்தது. வால் தாழ்ந்த நிலையில் விமானத்தைத் திருப்புவதன் ஆபத்தை விமானி போதிய அளவு உணரவில்லை என்பதே காரணம் என்று அறிக்கை எழுதி வெளியிட்டது. இறந்தவர் தங்கள் வட்டத்தவர் என்பதற்காக மழுப்பவில்லை. விபத்தின் காரணத்தை எழுதிவைத்தால் அடுத்தவர் பிழைக்கலாம் என்பது இன்று நமக்குச் சாதாரண அறிவு. அன்று யாரும் அதைச் செய்யவில்லை. 1915இல் இராணுவ வான்படை தனக்கென ஒரு விபத்துப் பரிசோதகரை நியமித்தது. நியமனம் பெற்றவர் நம் கோபேர்ன். இன்று பிரித்தானியாவில் ஒரு விமானம் விபத்துக்குள்ளானால் ஆராய வரும் அரசுப் பிரிவு தன் வம்சாவளியை அந்த நியமனத்திலிருந்தே எண்ணுகிறது.

போர் வந்தபோது அரசு இந்தத் தனியார் கழகத்தின் சான்றிதழையே பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பே, இராணுவ அதிகாரி ஒருவர் தனியார் பள்ளியில் சொந்தச் செலவில் பழகிக் கழகச் சான்றிதழ் பெற்றுவந்தால் 75 பவுண் திருப்பிக்கொடுப்பது என்ற ஏற்பாடு இருந்தது. போர் முடிவதற்குள் 6,300க்கு மேற்பட்ட இராணுவ விமானிகள் அச்சான்றிதழைப் பெற்றிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை, ஒரு புகைப்படம். 1919இல் அரசே விமானிகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. கழகம் மறுபடியும் விளையாட்டுக்குத் திரும்பியது. ஆனால் நாட்டுக்கொரு ஏரோ கிளப், அதன் கையால் ஒரு சான்றிதழ் என்ற வழக்கம் பல நாடுகளுக்கும் பரவிவிட்டிருந்தது. 1929 பெப்ரவரி 10ஆம் திகதி பம்பாயில் ஜே. ஆர். டி. டாட்டா பெற்ற எண் 1 சான்றிதழ் இந்திய-பர்மா ஏரோ கிளப் கொடுத்தது.

ஈஸ்ட்சேர்ச்சுக்கு இன்று போகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ஊர்த் தேவாலயத்தில் ரோல்ஸுக்கும் கிரேஸுக்கும் நினைவாக 1912இல் வைத்த வண்ணக் கண்ணாடி யன்னல்கள். அதன் எதிரே, தெருமுனையில், 1955இல் திறந்த கல் நினைவுச்சின்னம். விமானங்களின் உருவங்களும் விமானிகளின் பெயர்களும் செதுக்கியிருக்கிறார்கள். பறந்த மைதானத்தைத் தேடிப்போனால் உள்ளே விடமாட்டார்கள். அங்கே இப்போது இருப்பது சிறைச்சாலை.